மரியாதைக்கு ஒரு வரி

ஹம்மர்பெஸ்ட்
27.08.2006

அன்புள்ள மருமகள் ராகவிக்கு,

இங்கே நானும் மாமியும் சுகம். மாமிக்கு முழங்கால் மட்டும் சுகமில்லை. அது அவவோடு நோர்வேக்கு வந்தது, அவவை விட்டுப் போகாது. நீயும் அம்மாவும் சுகமென்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் கதைத்தால் நீ "மாமா, மீட்டிங், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

உன்னைச் சட்டத்தரணிகள் சங்கத்தின் ஒழுக்காற்றுக் குழுவுக்குத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். மீன் தொழிற்சாலையில் எல்லாருக்கும் சொன்னேன். எங்கள் சவிரிமுத்து கேட்டான், "சட்டத்தரணிமாருக்கும் ஒழுக்கம் பார்க்க ஆள் வேணுமோ அண்ணை?" என்று. வேணும் என்றேன். எனக்கு இப்போது அது நன்றாகத் தெரியும்.

யோகராணிச் சின்னம்மாவின் மகன் கிருஷிகனுக்கு இங்கே வரப் படிப்பு விசா மறுத்தது உனக்குத் தெரியும். மேன்முறையீடு செய்ய மூன்று கிழமை தந்தார்கள். ஒஸ்லோவில் சட்டத்தரணி ஹால்வொர்சனைப் பிடித்துக் கொடுத்தவன் நான். பத்திரங்களை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்து அவருக்கு நேரத்தோடு அனுப்பியவனும் நான். மனுஷன் ஈஸ்டர் லீவுக்கு மலைவீட்டுக்குப் பனியில் சறுக்கப் போய்விட்டார். திரும்பி வந்து அனுப்பியபோது காலம் கடந்துவிட்டது. குடிவரவுத் திணைக்களம் வாசித்துப் பார்க்காமலே தள்ளிவிட்டது.

யோகராணி என்னோடு கதைப்பதில்லை. நான்தான் பிந்தினேன் என்று நினைக்கிறாள். போன் எடுத்தால் பக்கத்து வீட்டு நேசமணியின் கையில் கொடுத்துவிடுகிறாள். இப்போது அங்கேயிருந்து கொழும்புக்குப் போகும் பாதையும் பூட்டியாயிற்று. கிருஷிகன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். இருபது வயதுப் பெடியன் யாழ்ப்பாணத்தில் தெருவில் இறங்குவது எப்படியென்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

எனக்கு ஹால்வொர்சனின் காசு வேண்டாம். அவருடைய வேலை போகவும் வேண்டாம். பிழை சபாரத்தினத்தின் பக்கம் இல்லை என்று உங்கள் சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒரு வரி வேண்டும், தங்கச்சிக்கு அனுப்ப. அவ்வளவுதான். எப்படிக் கேட்பது என்று சொல்லித் தா.

மாமியும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னா.

அன்புடன்,
மாமா சபாரத்தினம்

*

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
05.09.2006

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. மாமியின் முழங்காலுக்கு டொக்டரிடம் நேரம் எடுத்துவிட்டீர்களா?

இந்த விஷயத்தை இனி எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம். நான் உங்களுக்கு எழுதுவதற்கெல்லாம் நகல் வைத்திருப்பேன். நாளைக்கு யாரும் கேட்டால் நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்று காட்டவேண்டும்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். ஒரு சட்டத்தரணி தன் கட்சிக்காரருக்குத் தொழில் முறைப்படி நடந்தாரா என்பதை மட்டும் பார்ப்போம். விசா மறுப்பை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை. பிழை சின்னதென்றால் விமர்சனம், கூடினால் கண்டனம், அதற்கும் மேலே போனால் எச்சரிக்கை. எல்லாமே ஒரு தாள்தான். நீங்கள் கேட்பதும் தாள் என்றபடியால் சரியான இடத்துக்குத்தான் எழுதப்போகிறீர்கள். விஷயம் தெரியவந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேரவேண்டும். விலாசம் கீழே இருக்கிறது.

ஆனால் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்கக்கூடாது. நீங்கள் அம்மாவின் கூடப்பிறந்தவர். உங்கள் முறைப்பாடு மேசைக்கு வரும்போது நான் எழுந்து அறைக்கு வெளியே போகவேண்டும். இங்கே அதற்கு இன்ஹாபில் என்று சொல்வார்கள். வெளியே போகிறவள் வாசலில் நின்று சொல்லிக் கொடுக்கவும் கூடாது.

இன்னொன்று. என்னை இந்தக் குழுவுக்குப் பிரேரித்தவர் ஹால்வொர்சன். வேறு ஆர் வாயிலாவது கேட்டு நீங்கள் மனம் வருந்தக்கூடாது என்று நானே எழுதுகிறேன்.

குளிர் தொடங்க முன் மாமியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மருமகள்,
ராகவி

*

ஹம்மர்பெஸ்ட்
24.09.2006

அன்புள்ள ராகவிக்கு,

சுகம். மாமிக்கு டொக்டர் நேரம் தந்திருக்கிறார், தைமாதத்தில். அதுவரைக்கும் முழங்கால் காத்திருக்குமாம்.

உன்னுடைய கடிதம் ஒரு நீதவான் எழுதியதுபோல இருந்தது. வாசித்துவிட்டு மாமி கேட்டா, "இது எங்கட ராகவியோ, கந்தோர்க்காரியோ?" என்று. நான் உன் பக்கம்தான் கதைத்தேன். பதவியில் இருக்கிறவள் அப்படித்தான் இருக்கவேண்டும்.

முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன். நோர்வேஜிய மொழியில் நானே எழுதினேன். பத்தொன்பது வருஷம் இந்த நாட்டில் இருந்துவிட்டு ஒரு கடிதம் எழுத ஆளைத் தேடினால் வெட்கம். முதலில் சங்கத்தாரின் சுகம் விசாரித்தேன். பிறகு இந்த நாட்டுச் சட்டத்தரணிமாரின் நேர்மையைப் பற்றிக் கொஞ்சம். ஹால்வொர்சன் எங்களை வரவேற்றுக் கோப்பி தந்ததையும் மறக்காமல் எழுதினேன். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தேன். முடிவில், எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கக்கூடும், சபையோர் பெரிய மனதுடன் பொறுத்து உண்மையைப் பார்க்கவேண்டும் என்று மரியாதைக்கு ஒரு வரி சேர்த்தேன். ஒரு மனுஷனில் குறை சொல்லும்போது அப்படி ஒன்று இல்லாவிட்டால் சண்டித்தனமாக இருக்கும்.

நகல் வைத்திருக்கிறேன். பிழை திருத்தத் தேவையில்லை, சும்மா வாசித்துப் பார். மாமா எப்படி எழுதுகிறான் என்று உனக்கும் தெரியவேண்டுமே.

அன்புடன்,
மாமா

*

ஹொல்ம்லியா
03.10.2006

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே மழை.

நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உறையிலிருந்து எடுத்தேன், விரிக்கவில்லை.

கடிதம் சின்னதாக இருக்கிறதென்று குறை நினைக்கவேண்டாம்.

அன்பு மருமகள்,
ராகவி

*

ஹம்மர்பெஸ்ட்
12.11.2006

அன்புள்ள ராகவிக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் இருக்கிறோம். இன்னும் சில நாளில் இங்கே சூரியன் போய்விடும். காஸ் ஆலை கட்டவந்த ஆட்களால் ஊர் நிறைந்துகிடக்கிறது, கடையில் பால் வாங்கவும் வரிசை.

ஹால்வொர்சன் குழுவுக்கு எழுதிய பதிலின் பிரதி எனக்கு வந்தது. அரைப் பக்கம். பத்திரங்கள் கடைசி நேரத்தில்தான் வந்தன என்கிறார். அதோடு, "முறைப்பாட்டாளரே தம் பக்கத்தில் பிழை இருக்கலாம் என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டுள்ளார்" என்று என்னுடைய வரியைத் தூக்கி மேலே போட்டிருக்கிறார்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அது மரியாதைக்கு எழுதியது பிள்ளை! படித்த மனுஷனுக்கு அதுகூடத் தெரியாதோ? "ஐயோ, நான் சொன்னனான், உந்தக் கோப்பிக் கதையெல்லாம் தேவையில்லையெண்டு" என்று மாமி தொடங்கிவிட்டா.

நீ ஒன்றும் செய்யவேண்டாம். அந்த அறையில் இருக்கிற மற்ற இரண்டு பேருக்கும், எங்கட ஆட்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று ஒரு சொல் மட்டும் சொல்லிவிடு. அது பொய்யில்லைத்தானே.

நேசமணியோடு கதைத்தேன். பக்கத்து ஒழுங்கையில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பாம். கிருஷிகன் சுகமாம். யோகராணி பின்னால் நின்றது எனக்குத் தெரிந்தது, இருமல் கேட்டது. போனுக்கு வரவில்லை.

அன்புடன்,
மாமா

*

ஹொல்ம்லியா
19.01.2007

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா சுகம். எனக்கு இரண்டு கிழமை காய்ச்சல், இப்போது மாறிவிட்டது. தைமாதம் வந்துவிட்டது, மாமியை டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் கடிதத்துக்கு இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். எனக்குக் கோபம், மாமா. உங்களில் இல்லை. ஆரில் என்று சரியாகச் சொல்லவும் தெரியவில்லை.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் சொல்லக்கூடாது. நான் வாய் திறந்தால் ஹால்வொர்சனுக்கு அநியாயம். உறவுக்காரி உள்ளே இருந்து கதைத்தாள் என்று நாளைக்கு முழுத் தீர்மானத்தையும் கழித்துவிடுவார்கள். அவருடைய பதிலுக்குக் கருத்து எழுதுவதென்றால் நீங்களே குழுவுக்கு எழுதியிருக்கலாம். இதைக்கூட நான் இப்போது, முடிந்தபிறகுதான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் விஷயத்தை எடுத்தார்கள். நான் எழுந்து போய் நடையில் நின்றேன். அங்கே சங்கத்தின் பழைய தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டேன். கதவு திறந்தபோது மற்ற இருவரும் பனி குறைவு, சறுக்க ஏலாது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஓம் என்றேன். என்ன முடிவென்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அன்பு மருமகள்,
ராகவி

*

ஹம்மர்பெஸ்ட்
11.02.2007

மதிப்புக்குரிய சட்டத்தரணி ராகவி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தாயாரும் நலமென நம்புகிறோம். நாமும் நலம். சூரியன் திரும்பிவந்ததற்குத் தொழிற்சாலையில் இனிப்புப் பணிஸ் தந்தார்கள்.

தங்கள் குழுவின் தீர்மானம் கிடைத்தது. பத்திரங்கள் எப்போது போய்ச் சேர்ந்தன என்பதில் இரு தரப்பும் வேறு வேறாகச் சொல்வதால் அது தெளிவில்லையாம். முறைப்பாட்டாளரே தம் பக்கத்தில் பிழை இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டிருப்பதால் மேற்கொண்டு விசாரிக்கக் காரணமில்லையாம். சட்டத்தரணி ஹால்வொர்சன் ஒழுக்கம் தவறவில்லை.

சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒரு வரி கேட்டேன். கிடைத்துவிட்டது.

மூன்று கிழமைக்குள் மேல் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று கீழே இருக்கிறது. செய்யப்போவதில்லை. மூன்று கிழமைக்கும் எனக்கும் ராசியில்லை.

இப்படிக்கு,
ஆ. சபாரத்தினம்

*

ஹொல்ம்லியா
16.02.2007

மாமா,

என்னை "அவர்கள்" என்று எழுதவேண்டாம். அதை ரயிலில் வைத்து வாசித்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷன்வரை போய்விட்டேன்.

சுகம் விசாரிக்காமல் தொடங்கியதற்கு மன்னியுங்கள். எல்லாரும் சுகம்.

நேற்றுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். குழுவில் இருந்துகொண்டு மேல் சபைக்கு முன்னால் உங்களுக்காக எழுத ஏலாது. இப்போது எழுதலாம். காரணம் கேட்டார்கள், குடும்பம் என்று சொன்னேன். ஒருவரும் அதற்கு மேலே கேட்கவில்லை, இங்கே கேட்கமாட்டார்கள்.

தீர்மானத்தை இப்போதுதான் முழுவதும் வாசித்தேன். ஹால்வொர்சனுக்குப் பத்திரங்கள் என்றைக்குக் கிடைத்தன என்று அவரிடம் ஒருவருமே கேட்கவில்லை. உங்கள் வரியைப் பார்த்தவுடன் கேட்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த அறையில் இருந்திருந்தால் நானும் ஒருவேளை அப்படித்தான் விட்டிருப்பேன்.

இதோடு ஒரு அதிகாரப் பத்திரம் வைத்திருக்கிறேன். கையொப்பம் வைத்து அனுப்புங்கள். வேறு ஒன்றும் எழுதவேண்டாம். தயவுசெய்து ஒரு சொல்லும் வேண்டாம்.

உங்கள் ராகவி

*

ஹம்மர்பெஸ்ட்
25.02.2007

என் மருமகளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கவேண்டும், அது முதல்.

உனக்கென்ன விசரா? அம்மா போன் எடுத்து அழுதாள். "அண்ணை, பிள்ளை எவ்வளவு பாடுபட்டு ஏறின கதிரை, ஒரு நாளிலை இறங்கிட்டாள்" என்றாள். மாமி போனை வாங்கி, "அவள் எங்கட பிள்ளை, பின்னை எப்பிடி இருப்பாள்" என்று சொல்லிவிட்டா. அதைச் சொல்லிவிட்டுத் தானும் அழுதா. அந்த "அவர்கள்" என்று எழுதின கையை வெட்டவேண்டும்போல இருக்கிறது.

சொன்னபடி கையொப்பம் மட்டும் வைத்தேன். கீழே ஒரு நன்றியாவது எழுதலாமோ என்று கை துறுதுறுத்தது. மாமி பேனையைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. இந்தக் கடிதம் பென்சிலில் இருப்பது அதனால்தான்.

யோகராணியோடு நான் கதைத்ததில் ஒன்று உனக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தேன். அது கிடக்கட்டும். உன் வேலைக்கு அது தேவைப்படாது.

அன்புடன்,
மாமா

*

ஹொல்ம்லியா
14.06.2007

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். மாமிக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள் என்று அம்மா சொன்னா. நடக்கச் சொல்லுங்கள்.

முடிவு வந்துவிட்டது. மேல் சபையின் வரிகளை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்:

"சட்டத்தரணி ஹால்வொர்சன் பத்திரங்களை உரிய காலத்தில் பெற்றிருந்தும் மேன்முறையீட்டைக் கெடுவுக்குள் அனுப்பவில்லை. தாமதத்துக்கு முறைப்பாட்டாளர் எவ்விதத்திலும் பொறுப்பல்லர். சட்டத்தரணி கண்டிக்கப்படுகிறார்."

நான் எழுதியது ஒன்றரைப் பக்கம்தான். எங்கள் கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பன் பந்தியில் நின்று, "ஏதும் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று கைகூப்புவார். சோறு தட்டுப்பாடாகிவிட்டது என்று அதற்கு ஒருவரும் அர்த்தம் எடுப்பதில்லை என்று எழுதினேன். பிறகு, பத்திரங்கள் கிடைத்த திகதியை ஹால்வொர்சனிடம் கேட்கும்படி சபையைக் கேட்டேன். கேட்டார்கள். ஈஸ்டர் லீவுக்கு முதல் கிழமையே கிடைத்தது என்று அவர் அடுத்த தபாலில் பதில் போட்டார். மறைக்கவில்லை. கேட்டபடியால் சொன்னார்.

போன கிழமை சங்கத்தின் கோடைக் கூட்டத்தில் அவரைக் கண்டேன். கேக் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு வைத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் இடத்துக்குப் புதிய ஆளைத் தெரிவு செய்துவிட்டார்கள்.

மூலப் பிரதி உங்களுக்கு. ஒரு பிரதியும் தமிழும் சின்னம்மாவுக்கு. கொழும்பில் இருக்கும் அருட்செல்வம் அண்ணைக்கு அனுப்பி, யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போகும் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இனிச் சின்னம்மா போனுக்கு வருவா, மாமா.

அன்பு மருமகள்,
ராகவி

*

கோண்டாவில், யாழ்ப்பாணம்
19.08.2007

அன்பு மகள் ராகவிக்குச் சின்னம்மா எழுதிக்கொள்வது,

நான் இருக்கிறேன். அக்காவின் பிரஷரைக் கவனமாகப் பார்த்துக்கொள். உப்பைக் குறைக்கச் சொல்லு, அவ கேட்கமாட்டா, என்றாலும் சொல்லு.

அருட்செல்வம் அனுப்பிய உறை ஒரு மாதிரி வந்து சேர்ந்தது. நோர்வே எழுத்தையும் பார்த்தேன். நீ தமிழில் எழுதினதையும் வாசித்தேன்.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது போல. அண்ணை சொல்லியிருக்கமாட்டார். அவருடைய பிழை என்று நானாக நினைக்கவில்லை, மகள். போன வருஷம் போனில் நேரே கேட்டேன், "அண்ணை, உது ஆற்றை பிழை?" என்று. "என்ர பிழைதான் பிள்ளை, நான் பிந்திப்போனன்" என்று தன் வாயாலே சொன்னார்.

கூடப்பிறந்தவள், எனக்குத் தெரியாதா அவரை? முகம் தெரியாத ஒருவன் என் பிள்ளையின் கடதாசியை மேசையில் போட்டுவிட்டுப் பனியில் விளையாடப் போனான் என்று அன்றைக்கே கேட்டிருந்தால் எனக்கு விசர் பிடித்திருக்கும். அது தெரிந்துதான் தன் தலையில் போட்டார். பொய் என்று உள்ளுக்குள் தெரியும். நம்பிக்கொண்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கிருஷிகன் வீட்டில் இல்லை. வைகாசியில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு பெடியளைக் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இவன் தனக்குப் பாதுகாப்புத் தரச்சொல்லி மனித உரிமை ஆணைக்குழுவில் தானே போய்த் தன்னை ஒப்படைத்தான். இப்போது யாழ்ப்பாணச் சிறையில், மறியலில் வைத்திருக்கிறார்கள். குற்றம் ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிறதற்கு மறியல். அண்ணைக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று நேசமணியின் வாயை நான்தான் கட்டி வைத்திருக்கிறேன். இனி நீ சொல்லலாம்.

கிழமைக்கு ஒருதரம் சோறு கட்டிக்கொண்டு போவேன். போகிற வழி முழுக்க அண்ணையைத் திட்டிக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அண்ணையைத் திட்டலாம், அவர் என்னுடையவர். அந்தச் சறுக்கப் போன மனுஷனை எப்படித் திட்டுவது? அவனுடைய பேர்கூட என் வாயில் வருகுதில்லை.

நீ உன் கதிரையை விட்டு இந்தத் தாளை எடுத்துத் தந்திருக்கிறாய். உன் சங்கம் சொன்னது சரிதான். பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் மகள், என் பிள்ளை வெளியே வரும்வரைக்கும் நான் அண்ணையோடுதான் கோபம். எனக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

அவருக்கு எழுது. தாள் கிடைத்தது, பிழை அவருடையது இல்லை, கோபம் மாறவில்லை என்று எழுது. அவர் தாங்குவார்.

உன் சின்னம்மா,
யோகராணி